மாடியில் இருந்த மலேசியாப் பொண்ணு

2006ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். கையில் இரண்டு பெட்டி, ஒரு குடை. முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்திருந்தேன். வட மலேசியாவில் சுங்கை பட்டாணி என் ஊர். அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே தவறிவிட்டார். அம்மா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து என்னையும் அண்ணனையும் வளர்த்தார். அண்ணன் ஜொகூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை இந்தியாவுக்கு வந்ததில்லை.

அலையாத்திக் காடு எங்கள் ஊரிலும் உண்டு. அதை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். சுனாமிக்குப் பிறகு பிச்சாவரத்துக் காட்டைப் பற்றி உலகமெல்லாம் பேச்சாக இருந்தது. அந்தக் காட்டின் நண்டுகளைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவரிடமே ஆய்வு செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக வந்தேன். சிதம்பரத்தில் யாரும் 'மேற்பார்வையாளர்' என்று சொல்வதில்லை, 'கைடு' என்பார்கள். நானும் சில வாரங்களில் 'எங்க கைடு' என்று சொல்லப் பழகிவிட்டேன்.

சேற்று நண்டு என்ன தின்கிறது என்பதுதான் என் ஆய்வு. ஒவ்வொரு மாதமும் நண்டு பிடித்து, உடனே உறைய வைத்து, வயிற்றைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை முதலில் விளக்கிச் சொன்னது என் வீட்டுக்காரம்மாவிடம். அவர் கேட்டுவிட்டு, "இதுக்கா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தே?" என்றார்.

தேர் ஓடும் நான்கு வீதிகளில் ஒன்றிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது அந்த வீடு. கீழே அவரும் கணவரும். மகளைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்துவிட்டதால் மாடி அறை சும்மா கிடந்தது. அவர் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கணவர் மின்வாரியத்தில் லைன்மேன், சேத்தியாத்தோப்பில் வேலை. காலையில் சைக்கிளைப் பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் போனால் பொழுது சாயத்தான் வருவார், வந்தாலும் பேசமாட்டார். கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெள்ளை உடுத்திக்கொண்டு சர்ச்சுக்குப் போவதை மாடியிலிருந்து பார்ப்பேன்.

முதல் நாள் காலை நான் கீழே இறங்கி, மரியாதைக்கு, "பசியாறியாச்சாக்கா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பது அது. சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். அவருக்குக் காதில் விழுந்தது 'பசி' மட்டும்தான். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், உள்ளே போனார், தட்டில் இட்லி வைத்து மேலே கத்திரிக்காய் கொத்சு ஊற்றி எடுத்துவந்து நீட்டினார். நான் திகைத்துப் போய் வாங்கிக்கொண்டேன். அந்தக் கத்திரிக்காயின் ருசியில் விளக்கம் சொல்ல மறந்துபோனது. மறுநாளும் தட்டு வந்தது. அதற்கப்புறம் நான் விளக்கவே இல்லை.

தெருவில் எனக்கு 'மலேசியாப் பொண்ணு' என்று பெயர். "உங்க ஊர்ல தமிழ் பேசுவாங்களா?" என்று என்னிடம் தமிழில் கேட்பார்கள். பேசுவோம் என்று நான் தமிழில் பதில் சொல்வேன். "நல்லாத்தான் பேசுது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள், நான் அங்கே இல்லாதது போல. நான் காரை 'காடி' என்பேன், ரப்பரை 'கித்தா' என்பேன். அவர்கள் 'என்ன'வை 'இன்னா' என்பார்கள். வேற்று மொழி பேசும் நாட்டுக்குப் போயிருந்தால் இவ்வளவு கூச்சம் இருந்திருக்காது. ஒரே மொழி என்று நம்பி வந்த இடத்தில் வாய் திறக்கவே முதல் சில மாதங்கள் யோசித்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் கடலூரில் போலீஸ் அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்காக வருஷத்தில் சில தடவை கடலூர் போய் வருவேன். நான் இருந்த காலத்தில் பெரும்பகுதி சிதம்பரத்துக்கு ரயில் கிடையாது. மீட்டர்கேஜை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது, எங்கே போனாலும் பஸ்தான். மஞ்சக்குப்பத்தில் இறங்கி, அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடும்போது எழுந்து போவேன். அங்கே பெரும்பாலும் நான் ஒருத்திதான் இருப்பேன். வெளிநாட்டுக்காரி என்று வெள்ளைக்காரியை எதிர்பார்த்து நிமிர்ந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "அவுங்க வரலையாம்மா?" என்று கேட்டதுண்டு.

மற்ற நாட்களில் வாழ்க்கை பிச்சாவரத்துக்கும் லேபுக்கும் நடுவே போனது. நீர் வற்றும் நாட்களில் விடிவதற்குள் கிளம்பி, காட்டோரத்து மீனவக் குப்பத்தில் எனக்காகக் காத்திருக்கும் படகுக்காரருடன் உள்ளே போவேன். அவரை மாமா என்று கூப்பிடுவேன். அலையாத்தி வேர்களுக்கு நடுவே படகைச் செருகி நிறுத்திவிட்டு அவர் பீடி பற்ற வைக்க, நான் முழங்கால் சேற்றில் இறங்கிக் கூண்டுகளைத் தூக்குவேன். ஒருமுறை என் செருப்பைச் சேறு இழுத்துக்கொண்டது. அடுத்த மாதம் அதே இடத்தில் அதைத் தோண்டி எடுத்து, கழுவி, படகின் முனையில் மாட்டி வைத்திருந்தார். "உன் சாம்பிள்" என்றார்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு, 2008 பொங்கலுக்கு அம்மா வந்தார். தொழிற்சாலையில் ஓய்வு பெற்றிருந்தார். விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. சென்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டுமா என்று யாரோ கேட்டதற்கு, "எனக்கு என்னா கேடு?" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்து வெளியே வந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் கண் மூடவில்லை. புவனகிரி தாண்டியதும், "நம்ம ஊரு மாதிரியேதான் இருக்கு, தென்னை மட்டும் குட்டை" என்றார்.

வீட்டு வாசலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். "வாங்கக்கா" என்றார். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இவங்களை நீ எப்படிக் கூப்பிடற?"

"அக்கான்னு."

"என்னை அவங்க அக்கான்னு கூப்பிடறாங்க. நீயும் அவங்களை அக்கான்னு கூப்பிட்டா, நான் உனக்கு யாரு?" என்றார் அம்மா.

வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நான் சித்தி" என்றார்.

அன்றிலிருந்து அவர் சித்தி ஆனார். பேசாத லைன்மேனைச் சித்தப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள். முதல் தடவை நான் அப்படிக் கூப்பிட்டபோது அவர் திரும்பி யாரையோ தேடினார்.

அம்மாவுக்குச் சிதம்பரம் வந்துவிட்டு நடராஜர் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. எனக்கோ லேபில் முடிக்க வேண்டிய வேலை. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் சித்தி. அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தவர், பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒருமுறை வரிசையில் கூட்டிப்போனதுதான், அதற்கப்புறம் உள்ளே போனதே இல்லையாம். அம்மா சாமி பார்த்து வரும்வரை சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா வந்ததும் இருவரும் அந்தப் படியிலேயே வெயில் ஏறும்வரை பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "எல்லாம்தான்" என்றார் அம்மா. சித்தி, "உங்க அம்மா ஜாஸ்தி கஷ்டப்பட்டிருக்காங்க. நீ ஒண்ணுமே சொன்னதில்ல" என்றார்.

மாட்டுப் பொங்கலன்று நடந்ததை இன்றும் எங்கள் இரு வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார்கள். விடுமுறை என்பதால் லேபைப் பூட்டிவிட்டார்கள். லேபின் டீப் ஃப்ரீசரை அடிக்கடி கரன்ட் போகும் அந்த நாட்களில் கவனிப்பாரில்லாமல் விடப் பயந்து, அந்த மாதம் பிடித்த நண்டுகளையும் சில சேற்றுப் பொட்டலங்களையும் சித்தியின் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். ஒவ்வொரு நண்டின் காலிலும் நூல் கட்டி எண் எழுதிய சிறு அட்டை. நீர் வற்றும் நாள் பண்டிகை பார்க்காது என்பதால் அன்று காலையிலேயே பிச்சாவரம் போய்விட்டேன். திரும்பும்போது நல்ல வெயில், தலையிலிருந்து கால்வரை சேறு, அகோரப் பசி.

சந்து முனையிலேயே வாசனை வந்தது. தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சேர்ந்த எங்கள் ஊர் வாசனை. எலுமிச்சைப்புல்லை அம்மா பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி எடுத்து வந்திருந்தார். குளித்துவிட்டு உட்கார்ந்ததும் சித்தி சோறு போட்டார், அம்மா குழம்பு ஊற்றினார். ஊரை விட்டு வந்த பிறகு அப்படிச் சாப்பிட்டதில்லை. ஓடு உடைத்து, விரல் சப்பி, இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டேன். சித்தப்பாவும் எதிரே தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நண்டு எங்க வாங்குனீங்க?" என்றேன்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கி எவன் கடை வெப்பான்?" என்றார் சித்தி. "ஃப்ரிட்ஜுலதான் இருந்துதே."

என் கை நின்றது.

"காலுல நூல் கட்டி நம்பர் போட்டிருந்துச்சு," என்றார் அம்மா. "இந்த ஊர்ல அப்படித்தான் எடை போட்டு விப்பாங்க போலன்னு நெனச்சேன்."

நான் சித்தியைப் பார்த்தேன். "சித்தி, அது என் சாம்பிள்."

"மண்ணு பாக்கெட்டுதான் உன் படிப்புன்னு நெனச்சேன். அதை நாங்க தொடவேயில்லை," என்றார் சித்தி. "நண்டைப் போய் படிப்புன்னு யார் நெனைப்பா?"

அப்போது சித்தப்பா, அந்த வீட்டில் நான் கேட்ட அவருடைய முதல் முழு வாக்கியத்தைச் சொன்னார்: "ஆக்கியாச்சு, வீணாக்காம சாப்பிடும்மா."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மீதியையும் சாப்பிட்டேன். லேப் திறந்ததும் கைடிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "குழம்பா, வறுவலா?" என்று கேட்டார். குழம்பு என்றேன். "அந்த மாசம் மாதிரிகள் இழக்கப்பட்டனன்னு எழுதிடு," என்றார். ஆய்வேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மலேசியாவிலிருந்து போன் வரும். வருவது என் போனுக்கு அல்ல, கீழே சித்தியின் போனுக்கு. சர்ச்சிலிருந்து வந்து புடவை மாற்றுவதற்குள் மணி அடிக்கும். சமையல், மகள், முட்டி வலி, மழை என்று இருவரும் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் என்னைக் கூப்பிடுவார்கள். அதற்குள் அம்மாவின் போன் அட்டையில் காசு தீர்ந்துவிடும். அம்மாவின் செய்தியைச் சித்தி வழியாகக் கேட்டுக்கொள்ளப் பழகினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாகவே இருந்தது. நண்டின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த எனக்கு, அம்மாவுக்குப் பேச ஆள் கிடைத்ததில் ஒரு நிம்மதி.

அந்த வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம். நான் மொட்டைமாடியில் சேற்று மாதிரிகளைக் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தேன். சித்தி படியேறி வந்தார். முட்டி வலிக்காரர், மாடிக்கு வருவதே அபூர்வம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

"உங்க அம்மாவுக்கு மார்ல ஒரு கட்டி," என்றார். "ஆஸ்பத்திரியில ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்ணிட்டாங்க. புத்துநோய்தானாம்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"மூணு ஞாயிறா தெரியும். உன்கிட்ட சொல்லக்கூடாது, படிப்பு கெட்டுடும்னு சத்தியம் பண்ணச் சொன்னாங்க. நான் பண்ணல. சத்தியம் பண்ணக்கூடாதுன்னு எங்க வேதத்துல இருக்குதுக்கான்னு சொல்லிட்டேன். அது நெசமாவே இருக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சத்தியம் பண்ணியிருந்தா இப்ப உன்கிட்ட சொல்ல முடியாதில்ல?"

அப்போது எனக்கு வந்தது கோபம்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்தப் பெண்மணி எனக்குக் கொத்சு ஊற்றிக்கொண்டே இதை மனதில் வைத்திருந்தாரே என்று. அன்று சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கீழே இறங்கியபோது, சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "மூணு வாரமா அவ தூங்கல," என்று மட்டும் சொன்னார். நான் உள்ளே போய்ச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.

கைடு உடனே விடுப்பு கொடுத்தார். ஊருக்குப் போனேன். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். முதல் சில தடவை நான் பக்கத்தில் இருந்தேன். அம்மாவுக்கு முடி கொட்டியது, சோற்று வாசனையே பிடிக்காமல் போனது. ஆனாலும் என்னைக் காணும்போதெல்லாம், "எப்ப திரும்பிப் போற?" என்றார். வெயில் காலத்தில் நண்டு பிடிப்பதைத் தவறவிட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதை நான் எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருந்தேன், அது அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. அண்ணன் வாரத்தில் ஒரு நாள்தான் வரமுடியும். அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்தான், ஆனால் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. இந்தத் தடவை சிதம்பரத்திலிருந்து.

"நீ கெளம்பி வா. ஏப்ரல் கடைசியில எங்க ஸ்கூலு லீவு. நான் அங்க போறேன்," என்றார் சித்தி.

"எப்படி சித்தி? பாஸ்போர்ட்டு?"

"எழுதிப் போட்டு மூணு மாசம் ஆச்சு. போலீஸ்காரர் வந்து விசாரிச்சிட்டுப் போய்ட்டாரு. எதுக்குப் போறீங்கன்னாரு. அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னேன்."

அவர் மொட்டைமாடிக்கு வந்து என்னிடம் சொன்ன வாரத்திலேயே விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. சென்னையைத் தாண்டி எங்கும் போகாத மனுஷி. ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

நான் சிதம்பரம் திரும்பி, விசா வேலையெல்லாம் முடித்து, சித்தியை விமானம் ஏற்றிவிட்டேன். சித்தப்பா சென்னைவரை வந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சித்தி போகும்போது, பெட்டியை உருட்டத் தெரியாமல் கையில் தூக்கிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்துக் கையாட்டவில்லை. பயந்தால் அவர் அப்படித்தான், நேரே பார்த்து நடப்பார்.

அந்தக் கோடையில் எல்லாம் தலைகீழாக இருந்தது. என் வீட்டில் சித்தி, சித்தியின் வீட்டில் நான். மகள் திட்டக்குடியிலிருந்து வந்து அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். சித்தப்பா லைனில் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குச் சமைக்கத் தெரிந்தது கொஞ்சம், அவருக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். காலையில் அவர் இட்லி ஊற்றுவார், சாயங்காலம் நான் ஏதாவது வறுப்பேன். கொத்சு மட்டும் இருவருக்கும் வரவில்லை. சித்தி மலேசியாவிலிருந்து போனில் சொல்லச் சொல்ல அவர் கத்திரிக்காயை வதக்கினார், ஆனாலும் வரவில்லை.

போனில் சித்தி மலேசியாவைப் பற்றிப் புகார் சொன்னார். தினமும் சாயங்காலம் மழை. எதைச் சமைத்தாலும் நெத்திலி போடுகிறார்கள். 'இன்னா' என்று சொன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கின்றன. "காலையில எழுந்து வாசலுக்கு வந்தா, போற வர்றவங்கல்லாம் பசியாறிட்டீங்களாங்கறாங்க. இன்னாடா இது, நம்ம மூஞ்சியப் பார்த்தா பட்டினி மாதிரியா இருக்குதுன்னு நெனச்சேன். அப்பறம் உங்க அம்மாதான் அர்த்தம் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப நீ மொத நாளு கேட்டது அதுதானா?"

"ஆமா சித்தி."

"இத்தினி வருஷம் சொல்லவேயில்ல பாரு," என்றார். பிறகு இருவரும் நெடுநேரம் சிரித்தோம். பின்னால் அம்மாவின் குரல், "என்னா, என்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

மருந்து ஏற்றும் நாளில் சித்தி அம்மாவோடு ஆஸ்பத்திரி போய் முழுநாளும் உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு எந்தச் சோறும் இறங்காதபோது கஞ்சியில் நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுக் கொடுத்துச் சாப்பிட வைத்தது அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்வாராம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவாராம். "ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் கேக்கட்டும்னு விட்டுட்டோம்" என்றார் அம்மா பிறகு.

மே மாதம் கடலூரில் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வழக்கமாகத் தனியாகத்தான் போவேன். அன்று சித்தப்பா லீவு போட்டுவிட்டு, "நானும் வர்றேன்" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டு, வழியில் தெரியும் மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அலுவலகத்தில் வேலை முடிந்ததும், "கடல் பார்த்துட்டுப் போலாம்" என்றார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெயில் தணிந்து கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. மீனவப் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீர் தொடும் இடம்வரை போனார்.

"உங்க ஊரு எந்தப் பக்கம்?" என்றார்.

தென்கிழக்கே கை காட்டினேன். "நேராப் போனா மொதல்ல தீவு வரும். அதைத் தாண்டி."

அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ இப்பிடிப் பிரிஞ்சி இருந்ததில்ல," என்றார். "பிரசவத்துக்குக்கூட அம்மா வீட்டுக்குப் போகல, எனக்குச் சோறு யாரு போடுவான்னு. நான் தடுத்துடுவேன்னு பயந்துகிட்டே பாஸ்போர்ட்டைப் பத்தி எங்கிட்ட சொன்னா. நான் ஏம்மா தடுக்கப்போறேன்?"

சுண்டல் வாங்கி ஆளுக்கொரு பொட்டலமாகத் தின்றோம். பஸ்ஸில் திரும்பும்போது அவர் நிறையப் பேசினார். மின்கம்பத்தின் மேலே ஏறி நின்றால் தெரியும் வயல்களைப் பற்றி, வெள்ளாற்றில் தண்ணீர் வரும் காலத்தில் லைன் அறுந்து விழுந்த கதைகளைப் பற்றி, மகள் பிறந்த நாளன்று தான் கம்பத்தின் மேலே இருந்ததைப் பற்றி. கூடவே இருந்த வருஷங்களில் பேசாததையெல்லாம் அந்த ஒரு பயணத்தில் பேசித் தீர்த்தார். சிதம்பரத்தில் இறங்கியதும் பழையபடி அமைதியாகிவிட்டார்.

சித்தி பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் திரும்பினார். இளைத்து, கறுத்து, கையில் இரண்டு பை நிறைய நெத்திலிக் கருவாட்டுடன். அத்தனை புகார் சொன்ன நெத்திலியை அவரே வாங்கி வந்திருந்தார். அம்மாவின் மருந்து முடிந்து, அந்த வருஷ முடிவில் நோய் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். முடி முளைத்தது, முன்பைவிடச் சுருட்டையாக. அம்மா அதைப் படம் எடுத்துத் தபாலில் சித்திக்குத்தான் அனுப்பினார்.

ஆய்வேட்டை முடிக்க எனக்கு மேலும் ஒன்றரை வருஷம் பிடித்தது. வாய்மொழித் தேர்வான வைவா நடந்த நாளில், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால், சித்தி பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிச்சாவரத்துப் படகுக்காரர் வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில். வெளியூர்த் தேர்வாளர் ஆங்கிலத்தில் என்னை நன்றாகவே வறுத்தெடுத்தார். முடிந்ததும் சித்தி கேட்டார்: "அந்தாளு ஏன் உன்னைத் திட்டுனாரு?" திட்டவில்லை, கேள்வி கேட்டார் என்றேன். "எங்க மூணாங்கிளாஸ் பசங்ககிட்டகூட நான் அப்பிடிக் கேக்கமாட்டேன்" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கும் படகுக்காரருக்கும் அவர் செலவில் காபி.

2011இல் ஊருக்குக் கிளம்பினேன். புத்தகங்களைக் கப்பலில் அனுப்பிவிட்டேன். மிச்சத்தைத் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் சித்தியின் மகள் திட்டக்குடியிலிருந்து தன் குழந்தையோடு வந்திருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லோரும் என்னைத் தவிர வேறு எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள்.

கிளம்பும் நாள் ஒரு வேலை நாள். சித்தியின் பள்ளியில் காலாண்டுப் பரீட்சை தொடங்கியிருந்தது. லீவு போடுங்கள் என்று நான் கேட்கவில்லை, போடுகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. வழக்கம்போல விடிந்ததும் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. குளித்துவிட்டு நான் கீழே இறங்கியபோது அவர் பள்ளிக்குக் கட்டும் பச்சைப் புடவையில், கைப்பையில் வினாத்தாள் கட்டைத் திணித்துக்கொண்டிருந்தார். இட்லியை எடுத்துக்கோ, அடுப்பை அணைச்சிட்டேன் என்றார். கொண்டையில் ஊசியைச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வரேம்மா," என்றார், தினமும் சொல்வதுபோல.

"சரி சித்தி," என்றேன்.

நான் மாடி ஏறி ஜன்னலிலிருந்து பார்த்தேன். சந்து முனையில் அவர் ஸ்கூல் வேன் வந்து நின்றது. பிள்ளைகள் உள்ளே நகர்ந்து இடம் விட்டார்கள். ஏறிக்கொண்டார். வேன் போன பிறகு நான் பெட்டியைப் பூட்டினேன். சித்தப்பா ஆட்டோவைக் கூட்டிவர ஏற்கெனவே போயிருந்தார்.